பதினான்கு மீட்டர்

முதல் படகில் வருகிறாள் ஸ்டோஷியா,
ப்ராச் தீவிலிருந்து ஸ்ப்ளிட் துறைக்கு.
தெற்குக் காற்று முரண்டு பிடிக்கும் நாளில் படகு வராது.
அன்று அவள் இருக்கையில்
மடித்த பருத்தி அங்கி மட்டும் உட்கார்ந்திருக்கும்.

வாசலில் நான், கையில் தட்டு.
லைட்டர், கைக்கடிகாரம், பேனா,
பேருந்து ஓட்டும் ஃப்ரானேயின் காதுக்கருவி.
அதற்குப் பிறகு அவரிடம் கைகளால்தான் பேச வேண்டும்.
உள்ளே ஒரு பொறி போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.
யாரும் சிரிப்பதில்லை.

ஸ்டோஷியாவின் கால் மட்டும் மினுமினுக்கும்.
முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஆலிவ் எண்ணெய்.
"எழுபது வருஷமாய்க் குடித்த எண்ணெய்,
இன்றைக்கு மட்டும் எரிந்துவிடுமா?"
எரியும் என்கிறேன்.
வெந்நீர், சோப்பு, துண்டு.
விரல் இடுக்குகளில் துடைக்கும்போது
அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம்: நூற்றுப்பத்து.
உள்ளே போனால் சர்க்கரை இன்னும் இறங்கும்.
ஒரு ரொட்டித் துண்டு, ஆரஞ்சுச் சாறு,
பதினைந்து நிமிஷம் எல்லாரும் அவளுக்காகக் காத்திருக்கிறோம்.
அவள் அவசரப்படாமல் மெல்கிறாள்.

குதிகாலில் புண். வயது பதினொரு மாதம்.
காகித அளவுகோலை வைக்கிறேன்:
நாற்பத்தொன்றுக்கு இருபத்தாறு மில்லிமீட்டர்.
பஞ்சுக்குச்சி விளிம்புக்கு அடியில் நுழைந்து
கடிகாரத்தின் இரண்டு மணித் திசையில்
காணாமல் போகிறது.
அவள் முகம் சுளிக்கவில்லை.
வலித்திருந்தால் எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

கதவு மூடுகிறது.
காற்று இறுகும்போது அறை சூடாகும்,
காதுகள் அடைக்கும்.
விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து ஊதுங்கள்,
அவசரம் வேண்டாம்.
என் குரலே மூக்கடைத்த வாத்துக் குரலாகிறது.
நாற்காலியை விட்டு எழாமல்
ஆறு பேரும் நானும்
பதினான்கு மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறோம்.
அவர்களுக்கு முகமூடியில் ஆக்சிஜன்.
எனக்கு வெறும் காற்று,
ஆறு முகங்களையும் மாறி மாறிப் பார்க்கும் வேலை:
உதடு துடிக்கிறதா, பார்வை நிலைகுத்துகிறதா.

இடைவேளையில் முகமூடியைக் கழற்றி அவள் சொன்னாள்:
"முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் மத்தி அடுக்கினேன்.
தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம்.
இப்போது டப்பாவுக்குள் நான்."
ஃப்ரானேவுக்குக் கேட்கவில்லை.
ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஏறும்போது குளிரும். மெல்லிய மூடுபனி.
கண்ணாடி வட்டத்துக்கு வெளியே
இன்னும் அதே காலை.

பன்னிரண்டாம் நாளும் எண்ணெய்.
பத்தொன்பதாம் நாளும் எண்ணெய்.
"எத்தனை தடவை சொல்வது?"
குரல் உயர்ந்துவிட்டது.
அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.
பாதம் என் உள்ளங்கையில் அப்படியே கனத்துக் கிடந்தது,
தூங்கும் குழந்தையின் தலை போல.
அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
அதுவரை நான் கேட்டதில்லை.
அன்றும் கேட்கவில்லை.
மறுநாள் முதல்
பத்து நிமிஷம் முன்னதாக வேலைக்கு வந்தேன்.

ஃப்ரானேவுக்குப் பலிக்கவில்லை.
முப்பதாம் நாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.
என் தட்டில் ஒரு மூலை காலியானது.
அதைப் பற்றி ஸ்டோஷியா ஒரு வார்த்தை பேசவில்லை,
ரொட்டியை மட்டும் பாதியில் வைத்துவிட்டாள்.

குறிப்பேட்டில் "பச்சை இறைச்சிச் சிவப்பு" என்று எழுதுகிறோம்.
அவளிடம் மாதுளை என்றேன்.
காகிதம் சொன்னது: பதினெட்டுக்கு ஒன்பது.
குச்சி நுழைய இடமில்லை.
ஆறியது என்று சொல்ல முடியாது.
ஆறிக்கொண்டிருக்கிறது.
சொல்லில் எனக்கு உள்ள சுதந்திரம் அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள்.
தட்டில் ஒரு பாட்டிலை வைத்தாள்,
பச்சை நிறம், தக்கை மூடி, ஒட்டுச்சீட்டு இல்லை.
"சாலட்டுக்கு" என்றாள், "எரிக்காதே."
குனிந்து காலைப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது. அவளே கழுவியிருந்தாள்,
ஓரங்களில் சோப்பின் வெள்ளை.

நான் தண்ணீரைச் சூடாக்கப் போனேன்.